இறங்காமல் எழும்பிய விமானி

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டித் தீர்க்கும். அங்குள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஓடுபாதையை நெருங்கிவிட்டு, சட்டென்று மறுபடியும் மேலே ஏறும். "இவ்வளவு கிட்ட வந்துட்டு ஏன் இறக்கல?" என்று உள்ளே முணுமுணுப்பு எழும். அந்த விமானியின் பக்கம் நின்று இந்த வாரம் பேச விரும்புகிறேன்.

நீர் தேங்கிய பாதையில் வேகமாக உருளும் டயர், தண்ணீரை ஒதுக்கித் தள்ள முடியாதபோது அதன்மேலேயே மிதக்கத் தொடங்கும். போயிங் 737 போன்ற விமானத்துக்கு மணிக்குச் சுமார் 235 கிலோமீட்டர் வேகத்தில் இது நேரலாம். அது தரை தொடும் வேகமும் ஏறக்குறைய அதுதான். மிதக்கும் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. இதற்காகவே ஓடுபாதையின் நடுவை உயர்த்தி இருபுறமும் சரிவு வைக்கிறார்கள். பல நிலையங்களில் குறுக்கே மெல்லிய பள்ளங்கள் வெட்டுகிறார்கள். டயர்கள் விட்டுச்செல்லும் ரப்பர் படிவு மழையில் கண்ணாடிபோல் வழுக்கும் என்பதால், உயர் அழுத்த நீரைப் பீய்ச்சி அதை அகற்றுகிறார்கள். 2021 நவம்பர் முதல் உலகெங்கும் ஓடுபாதையின் நிலையை 0 முதல் 6 வரை எண்ணால் விமானிக்குச் சொல்லும் முறை வந்திருக்கிறது. காய்ந்திருந்தால் 6, ஈரமென்றால் 5. தேங்கிய நீர் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் எண் 2-க்கு இறங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கடைசி முடிவு விமானியுடையது. 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கோழிக்கோட்டில் கொட்டும் மழையில், பின்காற்றோடு இறங்கியது. 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழ பாதியைக் கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன. மீண்டும் மேலே ஏறும்படி துணை விமானி சொல்லியும் தரையிறக்கம் தொடர்ந்தது என்கிறது விசாரணை அறிக்கை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டார்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது, சென்னையில் இறங்க வந்த இண்டிகோ விமானம் தரைக்கு மிக அருகே தள்ளாடி, இறங்காமல் மேலே ஏறியது. அந்தக் காணொளியைப் பார்த்துப் பலர் பதறினார்கள். எனக்கோ, பாதுகாப்பு என்றால் என்னவென்று அது காட்டியதாகவே பட்டது. அடுத்த மாதமே சென்னை–பினாங்கு நேரடிச் சேவையை இண்டிகோ தொடங்கியது. இரண்டுமே மழை ஊர்கள். நடுவே பறப்பவர்கள் நம் சொந்தபந்தங்கள்.

பாயான் லெப்பாஸ் முனையம், ஆண்டுக்கு 1.2 கோடிப் பயணிகளைத் தாங்கும்படி விரிவாகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் முனையம் எவ்வளவு வளர்ந்தாலும் எல்லா விமானங்களும் இறங்குவது 3,352 மீட்டர் நீளமுள்ள ஒரே ஓடுபாதையில். கடைகளையும் கார் நிறுத்துமிடத்தையும் பற்றிக் கேட்கும் நாம், அதன் பிடிமானத்தையும் வடிகாலையும் பற்றியும் கேட்க வேண்டும். அந்தச் சோதனை முடிவுகள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

பயணிகளான நமக்கும் ஒரு கடமை உண்டு. மழையில் விமானி மேலே ஏறினாலும், லங்காவிக்கே திருப்பிவிட்டாலும், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டு, "வர நேரமாகும், சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று சொல்லுங்கள்.