கயிற்றுக்கும் ஒரு கண்

வெள்ளாற்றின் தென்கரையில் லப்பைக்குடிக்காட்டிலுள்ள என் சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தேன். போன அன்றே ஓர் அமர்க்களம்! அவள் பேரன் படுத்திருந்த தொட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உத்தரத்துக் கொக்கியில் நைலான் கயிற்றின் முடிச்சு நழுவியிருக்கிறது. நல்லவேளை, அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

உங்கள் வீட்டுத் தொட்டிலும் வழவழப்பான வெள்ளைக் கயிற்றில்தானே தொங்குகிறது? எழுந்துபோய் முடிச்சைப் பார்த்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பு. முடிச்சை எளிதில் விடாது. புரிகளைப் பிரித்துக் கயிற்றுக்குள்ளேயே செருகிக் கண் போட்டுவிடலாம். இதிலோ புரியே இல்லை. கயிற்றுக்குள் கயிறு! மேலே பின்னிய உறை, உள்ளே பின்னிய இன்னொரு கயிறு. பாய்மரப் படகுகளில் புழங்குகிற ரகம். முடிச்சுப் போட்டால் வளைந்து நெரியும் இடத்தில் பாதிப் பலம்கூடப் போய்விடலாம். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிய இரு கடற்படைப் பெண்களில் ஒருவர் புதுச்சேரி ரூபா அழகிரிசாமி. பாய்மரத்தில் போகிறவர்களுக்குக் கயிறுதானே உயிர்!

சிநேகிதியின் தம்பி வளைகுடாவில் படகுத் துறையில் வேலை பார்த்தவர். "லாத்தா, பாவாடைக்கு நாடா கோக்கிற வேலைதான்" என்று புதுக் கயிறோடு உட்கார்ந்தார்.

உறையின் பின்னலை ஓரிடத்தில் விலக்கி, உள்கயிற்றை வெளியே உருவினார். குழல் போன்ற ஊசியால் உறையின் நுனியை உள்கயிற்றுக்குள்ளும், உள்கயிற்றின் நுனியை உறைக்குள்ளும் செலுத்தினார். அதற்கு முன்பே நுனி இழைகளைச் சடை நுனிபோல மெலிய வைத்துக்கொண்டார். தடிப்பாக முடிந்தால் அந்த இடம் பலவீனமாம். பிறகு பால் கறப்பதுபோல் உறையை உருவி உருவி விட, பிதுங்கி நின்றதெல்லாம் உள்ளே போய் மறைந்தது. மிஞ்சியது அழகான ஒரு கண்!

இழுக்க இழுக்கப் பின்னல் ஒடுங்கி, உள்ளே இருப்பதைக் கவ்விக்கொள்ளும். ஆனால் தொட்டிலில் பாரம் ஏறும், இறங்கும். பாரமில்லாத நேரத்தில் பிடி தளர்ந்து நுனி மெல்ல நழுவக்கூடும். அதனால் கண்ணின் கழுத்தில் குறுக்கும் நெடுக்கும் ஊடுருவித் தையல் போட்டே ஆகவேண்டும். கொக்கி தேய்க்காமலிருக்கக் கண்ணுக்குள் ஓர் உலோக வளையம்.

"தையலை என்னிடம் விடு" என்று ஊசியை வாங்கிக்கொண்டாள் சிநேகிதி.

அன்று சாயங்காலம் வரை தொட்டிலில் ஆடியது அரிசி மூட்டை. பேரன் பாயில் தூங்கினான்.