ஊசி ஏறாத கை

இனிப்பு நீர் வந்தவனுக்கு ஊரே டாக்டர். சுங்கை ரம்பாய் கோப்பிக்கடையில் "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்பவர்களைவிட "இன்னிக்கு எவ்வளவு இருக்கு?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. கல்யாணப் பந்தியில் பத்து பேர் உட்கார்ந்தால் மூன்று பேர் ஜாங்கிரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள் (தின்றும் விடுகிறார்கள், அது வேறு கதை).

எனக்கு அது சிறுநீரகம்வரை போய்விட்டது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். இடக்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடத்தில் இரண்டு ஊசிகள் ஏறும். அந்தக் கையை அசைக்கக்கூடாது. வலக்கைக்கு வேலை இல்லை. இந்தப் பத்தி அந்தக் கையால் எழுதப்படுவது. கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும். வாக்கியம் பாதியில் நிற்கும்.

"ஒங்க சீக்கப் பத்தியே எழுதுங்களேன், நாலு பேருக்குத் தைரியம் வரும்" என்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வீட்டில் அதே பேச்சு, கிளினிக்கில் அதே பேச்சு. குடிக்கிற தண்ணீருக்குக்கூடக் கணக்கு. காகிதத்திலும் அதுவேதானா?

சிறுகதை எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலனை நினைத்துக்கொள்வேன். கண்புரையால் பார்வை மங்கி, மேலூர் தாலுகா அலுவலக வேலையை விட்டவர். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள். பின்னாளில் அவரே நல்ல கதாசிரியை ஆனார். சிகிச்சைக்குப் பிறகு கு.ப.ரா.வுக்குப் பார்வை திரும்பியது. ஆனால் 1944 ஏப்ரலில், கால்கள் அழுகிப்போகும் நோயில், நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். இனிப்பு நீர்க்காரன் எவனுக்கும் கால் அழுகல் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். அந்த மனிதரின் கதைகளைப் புரட்டினால் கண்ணும் இல்லை, காலும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, கதவோரம் நிற்கும் ஒருத்தியின் பார்வை, இவைதான் இருக்கின்றன. கண் தெரியாமல் கிடந்த மனிதர் அடுத்தவர் பார்வையை அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்.

கி. ராஜநாராயணனும் இளமையில் காசநோயோடு போராடியவர். அவர் எழுதியதோ கரிசல் காட்டையும் சம்சாரிகளையும். 2021இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகே போனார். நோய்தான் அவர்களை எழுத்தாளர் ஆக்கியது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நோய் எதையும் தராது, பிடுங்கத்தான் செய்யும். கு.ப.ரா.வுக்கு இன்னும் இருபது வருஷம் கிடைத்திருந்தால் தமிழுக்கு எத்தனை கதைகள் வந்திருக்கும்!

எழுதினால் நோய் குறையும் என்றும் நான் நம்பவில்லை. என் ரத்தப் பரிசோதனைத் தாள் என் பத்தியைப் படிப்பதில்லை. நான் நம்புவது ஒன்றுதான்: நோயாளியின் கவனம் நாளுக்கு நாள் அவன் தோலுக்குள்ளேயே சுருங்கிவிடும். கால் மரத்திருக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா என்று நாள் முழுக்கத் தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான். எழுத உட்கார்ந்தால் அடுத்தவனைப் பார்த்தே ஆக வேண்டும். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி எந்தத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனாள் என்று யோசிக்கும்போது என் கால் எனக்கு ஞாபகம் வருவதில்லை.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது பக்கத்துப் படுக்கை மலாய்ப் பெரியவர், பாக்சிக்கைப் பற்றி. கெசாங் ஆற்றில் இறால் பிடித்தவர். தமிழ் தெரியாது. எழுதியதை மலாயில் சொல்லச் சொல்லிக் கேட்கிறார். மனைவியைப் பற்றி நான் கூட்டிச் சேர்த்ததற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டிவிட்டார். படகின் நிறத்தைப் பச்சை என்று எழுதியதற்குத்தான் சண்டை. நீலமாம்.