ஆடுவதற்கும் அனுமதிச் சீட்டு!

சுவீடன் நாட்டின் தலைநகரம் ஸ்டாக்ஹோம். டிசம்பர் மாதத்தில் அங்கே பிற்பகல் 3 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பிறகு நீண்ட இரவு! தனியாக வந்த வாலிபன் யாரோடு பேசுவான்?

படுக்கைக்குப் பஞ்சம் இல்லை. 1888-ல் கட்டிய "ஆஃப் சாப்மன்" என்ற பாய்மரக் கப்பல் 1949-ல் வாலிபர் விடுதி ஆயிற்று. லாங்ஹோல்மன் சிறைச்சாலை 1975-ல் மூடப்பட்டது. பின்னால் அதுவும் விடுதி ஆயிற்று. கைதிகள் கிடந்த அறையில் பிரயாணிகள் குறட்டை விட்டார்கள்!

சிநேகம் தேடி மது விடுதிக்குப் போனால் பணம் கரைந்துவிடும். வரி அதிகம். மதுக்கடைகளை நடத்துவது சர்க்கார்தான். லாபத்துக்காக அல்ல, குடி குறையவேண்டும் என்பதற்காக. சனிக்கிழமை 3 மணிக்குச் சாத்தும் கதவு, திங்கட்கிழமைதான் திறக்கும். 1955 வரை மதுவுக்கு ரேஷன் புத்தகமே இருந்தது.

ஆட்டத்துக்கும் கட்டுப்பாடு! பாட்டுக் கேட்க வந்தவர்கள் எழுந்து ஆடிவிட்டால், அனுமதி வாங்காத கடைக்காரர் மாட்டிக்கொள்வார். 2023 ஜூலை 1-ந் தேதிதான் இது ஒழிந்தது. இப்போது போலீசுக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

ஆனால் ஏழைப் பிரயாணிக்கு விடுதியின் பொதுச் சமையல் அறைதான் கேளிக்கை மண்டபம். அவரவர் சமைத்துக்கொள்ளும் இடம் அது. "கொஞ்சம் உப்பு இருக்கிறதா?" என்று கேட்டால், பேச்சு தொடங்கிவிடும்.