ஊசி நாளுக்கும் பேர் வேண்டும்

மடவளையிலிருந்து வத்தேகம தாண்டி மேலே ஏறினால் வரும் தோட்டங்களில் ஒன்றில், ஒரு லயக் காம்பராவின் சுவரில் கலண்டர் தொங்குகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறார்கள். சம்பள நாளுக்கு வட்டமில்லை, திருவிழாவுக்கும் இல்லை. வட்டமெல்லாம் அந்த வீட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளையின் ஊசி நாள். வட்டம் போடுவது அப்பாயி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருபத்தொரு நாளை எண்ணுவதில் இதுவரை அவர் பிழைவிட்டதில்லை.

பிள்ளைக்கு இருதய வால்வு ஒப்பரேஷன் நடந்து பத்து மாதமாகிறது. பெயரும் தோட்டமும் இங்கே வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். பெண்பிள்ளை, நாளைக்கு ஒரு கல்யாணப் பேச்சு வரும்போது யாராவது இந்தப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்ற பயம். அந்தப் பயம் சரியா பிழையா என்று வாதாட நாம் போகவில்லை. கதையை மட்டும் எழுத அனுமதி வாங்கிக்கொண்டோம்.

பதினொரு வயதில் தொடங்கியது. தொண்டை நோவு வந்து, கொத்தமல்லி அவித்துக் குடித்து நின்றுவிட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கியது. அது வற்ற, கணுக்கால் வீங்கியது. பிறகு முழங்கை. வளர்கிற பிள்ளைக்கு வருகிற உளைச்சல் என்று எண்ணெய் தேய்த்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் ருமெட்டிக் காய்ச்சல் என்றார்கள். தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கப் போன உடம்பு, ஆள் மாறி மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குகிற நோய் இது. ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில்தான் அதிகம் வரும். மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் ஆறிவிடும். இருதய வால்வில் விழுந்த காயம் ஆறாமல் தங்கிவிடலாம். அடுத்த முறை தொண்டை நோவு வந்தால் அந்தக் காயம் இன்னும் ஆழமாகும்.

அடுத்த முறை வராமல் தடுக்கத்தான் பென்சிலின் ஊசி. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வருடக் கணக்காகப் போட வேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் ஒழுங்காகப் போட்டார்கள். பிறகு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டபோது அம்மா சொன்ன பதிலை அப்படியே தருகிறோம்: "நல்லா ஓடித் திரியுது சார். நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஊசி போட நான் மாசா மாசம் பேர ஒடைக்கணுமா?"

இதைக் கேட்டு அந்தத் தாயைக் குறை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. கணக்கைப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 17 தடவை. 2024 செப்டெம்பர் வர்த்தமானி சொன்ன 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால், ஒருவர் மட்டும் துணைக்குப் போனாலே 22,950 ரூபாய் போகிறது. அதற்கு மேல் இரண்டு பேருக்கு பஸ் காசு. மடவளை வழியாகக் கண்டிக்குப் போய், அங்கிருந்து பேராதனைக்கு இன்னொரு பஸ். விடியற்காலை கிளம்பினால் திரும்பும்போது மடுவத்தில் அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்திருக்கும். இந்த நாட்டில் ஆஸ்பத்திரி இலவசம், ஊசியும் இலவசம். அது பெரிய காரியம். எத்தனையோ நாட்டு ஏழைகளுக்கு இல்லாதது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கு எமது மக்கள் கொடுக்கிற விலையை யாரும் எந்தக் கொப்பியிலும் பதிவதில்லை.

பதினாலு வயதில் பிள்ளை பாடசாலைக்கு ஏறுகிற பாதையில் மூன்று இடத்தில் உட்காரத் தொடங்கியது. இரவில் படுத்தால் மூச்சு முட்டியது. தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கியது. கால் வீங்கியது. எக்கோ எடுத்துப் பார்த்தபோது வால்வு மூடாமல் இரத்தம் பின்னால் கசிந்துகொண்டிருந்தது. பிறகு நடந்தவற்றை அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு, கையெழுத்துப் போட்ட கடதாசிகள், வெளியே வாங்கில் கழிந்த இரவுகள். வால்வை மாற்றாமல் சரிசெய்ய முடிந்தது அதிர்ஷ்டம். உலோக வால்வு வைத்த பிள்ளைகள் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் குளிசை குடிக்க வேண்டும், அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும். பெண்பிள்ளையானால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டொக்டரோடு கதைக்க வேண்டும்.

ஒப்பரேஷன் முடிந்தால் நோய் முடிந்தது என்றுதான் லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். உண்மையில் அன்றுதான் குடும்பத்தின் வேலை தொடங்கியது. இருதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் குறைந்தது பத்து வருடம் அல்லது 21 வயது வரை, இரண்டில் எது நீளமோ அதுவரை ஊசி வேண்டும். வால்வு நிரந்தரமாகப் பழுதானவர்களுக்கு 40 வயது வரை போகலாம், சிலருக்கு ஆயுள் முழுதும். சரிசெய்த வால்வும் இன்னொரு காய்ச்சலைத் தாங்காது.

இப்போது அந்த வீட்டில் ஒரு ஊசிக்கு அப்பா, அடுத்த ஊசிக்கு அம்மா என்று முறை வைத்திருக்கிறார்கள். கருவாடும் ஊறுகாயும் குறைந்துவிட்டன. பிள்ளைக்குத் தனிச்சமையல் செய்ய வசதி இல்லாததால் எல்லோருமே உப்புக் குறைந்த கறிதான் தின்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் இதில் இன்னும் கோபம். தண்ணீர்க் குடத்தைத் தம்பி தூக்குகிறான். அப்பாயியோ பிள்ளையைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தார். கிளினிக்கில் டொக்டர் மெல்ல மெல்ல நடக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் விட்டுக்கொடுத்தார். இப்போது மாலையில் இருவரும் கோயில் வரைக்கும் நடக்கிறார்கள். அப்பாயிக்குத்தான் முதலில் மூச்சு வாங்குகிறதாம்.

பிள்ளைக்கு வேறு கவலைகள். நெஞ்சில் தழும்பு. சட்டைக் கழுத்தை மேலே இழுத்து ஊசி குத்திக்கொள்கிறது. பார்க்க வருகிறவர்கள் "ஐயோ பாவம்" என்று தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுகிறது. நாம் போயிருந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டது: விட்டுப்போன தவணைக்கான கணிதக் கொப்பியை யாரிடம் வாங்கலாம்? அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. பார்க்கப் போகிறவர்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடு அந்தக் கொப்பியையும் கொண்டுபோனால் நல்லது.

தோட்ட நிருவாகத்திடம் நாம் வைத்திருக்கும் கோரிக்கை சிறியது. நீண்டகால நோயுள்ள பிள்ளையைக் கிளினிக்குக் கூட்டிப்போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ, கிளினிக் கொப்பியில் அன்றைய முத்திரையைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும். முழுப்பேர் முடியாதென்றால் அரைப்பேரில் தொடங்கலாம். குறைந்தபட்சம், அந்த நாளை வரவின்மையாகக் காட்டி வேறு கொடுப்பனவுகளை வெட்டக்கூடாது. "ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்று ஒரு தோட்டத்தில் பதில் வந்தது. கேட்கட்டும். ஒரு தோட்டத்தில் இப்படி எத்தனை பிள்ளைகள் இருந்துவிடப் போகிறார்கள்?

இன்னொன்று நாமே செய்யக்கூடியது. ஒவ்வொரு ஊசிக்கும் பேராதனை வரை போகத்தான் வேண்டுமா என்று கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். ஒவ்வாமை வந்தால் கவனிக்க வசதியுள்ள கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தர முடியுமானால் ஒரு முழு நாள் அரை நாளாகும். ஒப்பரேஷன் செலவுக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே அதைக் கொடுக்க முடிகிறது. திகதி குறித்தவுடனேயே போய் விசாரியுங்கள், படிவம் நிரப்பச் சங்கக் காரியாலயத்தில் ஆள் இருக்கிறது.

இந்த நோய் யாரைத் தேடி வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நிறையப் பிள்ளைகளைக் கொன்ற நோய் இது. அங்கே பென்சிலின் புழக்கத்துக்கு வரும் முன்பே குறையத் தொடங்கிவிட்டது. வீடு பெரிதாகி, ஒரே அறையில் நெருக்கிப் படுப்பது குறைந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். பணக்கார நாடான அவுஸ்திரேலியாவில் இன்றும் பழங்குடி மக்களின் நெரிசலான வீடுகளில் இந்த நோய் அதிகம். 2018இல் உலக சுகாதார மாநாடு இதற்கென்று ஒரு தீர்மானமே நிறைவேற்றியது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் படுத்தால் ஒரு பிள்ளையின் தொண்டைக் கிருமி விடிவதற்குள் எல்லோருக்கும் போகும். நாம் வீட்டுக்கும் காணிக்கும் குரல் கொடுப்பதை அரசியல் என்று சொல்கிறவர்களை ஒரு நாள் எமது லயத்தில் வந்து படுக்கச் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் கொத்தமல்லி கொடுங்கள், ஆனால் டொக்டரிடமும் காட்டுங்கள். மருந்து பத்து நாளைக்கு என்றால், மூன்றாம் நாள் சுகமானாலும் பத்து நாளும் கொடுங்கள். மூட்டு மாறி மாறி வீங்கினால் எண்ணெய் போத்தலை வைத்துவிட்டு பஸ் ஏறுங்கள். பல் பிடுங்கப் போனால் இருதய ஒப்பரேஷன் நடந்ததை முதலில் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று உண்டு. எம்மில் கற்பிக்கிறவர்களும் இருப்பதால் இதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறோம். இந்த நோயில் சில பிள்ளைகளுக்குக் கை தானாகத் துடிக்கும், கோப்பை நழுவும், நன்றாக இருந்த கையெழுத்து திடீரென்று கோணலாகும். அப்படிக் கோணலானதற்காக ஒரு பிள்ளையை முழங்காலில் நிறுத்திய வகுப்பு எமக்குத் தெரியும். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு ஆட்கள் வரும் நாளில் இப்படிப்பட்ட பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துங்கள்.

சிவப்பு வட்டம் போட்ட அடுத்த நாள் இம்மாதம் கொழுந்து அதிகமாக விழுகிற கிழமையில் வருகிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அன்று மலையை விட்டு வர வழியில்லை. எமது மாதர் அணித் தலைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த வட்டத்துக்கு இன்னும் ஆள் சேரவில்லை. போக முடிந்தவர்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.