பொதுத்தரம் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதுமா?

சிடி ஸ்கேனில் பதிவான உடலைத் திரையில் திருப்பிப் பார்க்க மருத்துவருக்கு உதவும் மென்பொருளும், சிறுவர்கள் ஆடும் கார் பந்தய விளையாட்டும் அடியில் செய்யும் வேலை ஒன்றே. உருவத்தை லட்சக்கணக்கான முக்கோணங்களாகப் பிரித்து, ஒளியும் நிழலும் பூசித் தரும்படி கிராபிக்ஸ் சிப்புக்குக் கட்டளை அனுப்புகின்றன. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என ஒவ்வொரு நிறுவனத்தின் சிப்பும் ஒவ்வொரு மாதிரி. அத்தனைக்கும் தனித்தனியாக எழுதுவதென்றால் எந்த நிரலாளருக்கும் ஆயுசு போதாது. 1992-இல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் தன் சொந்த ‘ஐரிஸ் ஜிஎல்’ லைப்ரரியைச் சீர்படுத்தி, ‘ஓப்பன்ஜிஎல்’ என்ற பெயரில் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுத்தரமாக வெளியிட்டது. ஒருமுறை எழுதிய வரைகலை நிரல், பெரிய மாற்றமின்றி விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும் காலம் அதனால் வாய்த்தது.

2018-இல் ஆப்பிள் அதிலிருந்து கழன்றுகொண்டது. அந்த ஆண்டு வந்த மேக்ஓஎஸ் மொஹாவியோடு ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடுவதாக அறிவித்து, 2014-இல் தானே உருவாக்கிய ‘மெட்டல்’ பக்கம் வரச்சொன்னது. உடனே நீக்கிவிடவில்லை, வளர்ச்சியை நிறுத்திவிட்டது. பொதுத்தரம் 2017-இலேயே 4.6 பதிப்பை எட்டியிருக்க, மேக்கில் கிடைத்ததோ 2010-இல் வகுக்கப்பட்ட 4.1. கிராபிக்ஸ் சிப்பைப் பொதுக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்த உதவும் ஓப்பன்சிஎல்லும் அதே அறிவிப்பில் கைவிடப்பட்டது. அது ஆப்பிளே வடிவமைத்துப் பொதுவில் கொண்டுவந்த தரம் என்பதுதான் வேடிக்கை.

இந்தத் தரங்களைப் பராமரிக்கும் குரோனோஸ் கூட்டமைப்பால் இதில் செய்யக்கூடியது அதிகமில்லை. தரம் என்பது ஓர் ஆவணம். இன்ன கட்டளைக்கு இன்ன விளைவு என்று அது சொல்லும். அதைச் செய்துகாட்டும் டிரைவரை எழுதுவது சிப் நிறுவனமும் இயங்குதள நிறுவனமும்தான். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டால் ஆவணம் ஆவணமாகவே கிடக்கும். பொதுத்தரத்தைக் காப்பாற்றுவது அதன் திறந்த மூல வடிவம் என்றே நான் கருதுகிறேன். பிரையன் பால் 1993-இல் தொடங்கிய ‘மெசா’ என்ற திறந்த மூலத் திட்டம் இதற்குச் சான்று. லினக்ஸின் முப்பரிமாண வரைகலையில் பெரும்பகுதி இன்று அதன் மேல்தான் நிற்கிறது. ஆப்பிள் தன் எம்1 கிராபிக்ஸ் சிப்பின் உள்விவரங்களை வெளியிடவில்லை. ஆப்பிள் சிப் கொண்ட மேக்குகளில் லினக்ஸை ஓடவைக்கும் அசாஹி லினக்ஸ் திட்டத்தினர் சிப்பின் நடத்தையைக் கவனித்தே அதற்கான டிரைவரை மெசாவில் எழுதினார்கள். 2024 பிப்ரவரியில் அது ஓப்பன்ஜிஎல் 4.6 தேர்வில் முறைப்படி தேறியது. ஒரே கணினி, ஆப்பிளின் மென்பொருளில் 4.1-ஓடு நிற்கிறது, வெளியார் எழுதியதில் 4.6-ஐத் தொடுகிறது.

ஓப்பன்ஜிஎல் பழசாகிவிட்டது என்பார்கள். உண்மைதான். பல கோர்கள் கொண்ட இன்றைய பிராசஸர்களுக்கு வேலையைப் பகிர்ந்துகொடுக்க அதன் அமைப்பு இடம்தராது. டிரைவர் திரைமறைவில் செய்யும் வேலையும் ஏராளம். ஏஎம்டி ‘மேன்டில்’ என்ற தனி முயற்சியைத் தொடங்கியதும் இந்தக் குறையால்தான். ஆனால் ஏஎம்டி அதைப் பொதுவில் ஒப்படைத்தது. அதன் அடித்தளத்தில் 2016-இல் ‘வல்கன்’ பிறந்தது. மெட்டல் இரண்டு ஆண்டு முந்தியது, ஆகவே ஆப்பிள் காத்திருக்கவில்லை என்று குறைசொல்ல மாட்டேன். வல்கன் வந்த பிறகும் அதற்குக் கதவைத் திறக்காததே குறை. மேக்கில் வல்கன் நிரல்கள் ‘மோல்டன்விகே’ என்ற மொழிபெயர்ப்பு அடுக்கின் தயவில் ஓடுகின்றன. அதுவும் திறந்த மூலம்.

யூனிட்டி, அன்ரியல் போன்ற விளையாட்டு எஞ்சின்கள் இருக்கையில் அடிமட்ட லைப்ரரியைப் பற்றி யாருக்குக் கவலை என்ற கேள்வி இன்னும் வலுவானது. விளையாட்டு நிறுவனங்களுக்கு அது பெருமளவு பொருந்தும். ஆனால் எஞ்சினுக்கும் உரிமையாளர் உண்டு. 2023 செப்டம்பரில் யூனிட்டி, விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் ஓராண்டு கழித்துத்தான் அதைக் கைவிட்டது. தவிர, ஆய்வாளர்களின் பாராவியூவும் மருத்துவப் படங்களுக்கான 3டி ஸ்லைசரும் விளையாட்டு எஞ்சின்களில் ஓடுவதில்லை. இரண்டுக்கும் அடித்தளமான ‘விடிகே’ ஓப்பன்ஜிஎல்லை நம்பி வளர்ந்தது. முப்பரிமாண உருவாக்க மென்பொருளான பிளெண்டர் மெட்டலுக்கு மாற ஆப்பிளே நிதியும் பொறியாளர்களும் தந்தது; பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நாலு பேர் எழுதும் மென்பொருளுக்கு அந்த யோகம் அடிக்காது.

மெசாவுக்கு இன்று சம்பளம் கொடுப்பவர்களில் இன்டெல், ஏஎம்டி, வால்வ் முக்கியமானவர்கள். லினக்ஸில் ஓடும் ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை விற்கும்வரை வால்வுக்கு இதில் ஆதாயம் உண்டு. வியாபாரம் திசை மாறினால் பணமும் மாறும். ஜெர்மனி அரசு 2022 முதல் திறந்த மூல அடிப்படை மென்பொருள்களுக்கெனத் தனி நிதியம் நடத்துகிறது. முப்பரிமாணப் படங்களைக் கொண்டே ஆய்வும் சிகிச்சையும் நடத்தும் அரசு நிறுவனங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வணிக மென்பொருள் உரிமங்களுக்கு ஒதுக்கும் பணத்தோடு மெசா, விடிகே போன்ற திட்டங்களில் ஓரிரு முழுநேரப் பொறியாளர்களின் சம்பளத்தையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.