நேர்த்திக்கடன் வியாபாரமா?

தைப்பூசம் நெருங்கும்போதெல்லாம் நம் மாணவர்களிடையே ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. கேட்டது கிடைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்பது பக்தியா, பேரமா? கேள்வி புதிதல்ல. புறநானூற்றின் 134ஆம் பாடலில் ஆய் அண்டிரனைப் புகழும் முடமோசியார், இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்பவன் அல்லன் அவன் என்கிறார். பெரியோர் நடந்த வழி என்பதாலேயே கொடுத்தானாம். கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள் போலும்!

ஆனால் நேர்த்திக்கடனை வியாபாரம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. நான் எஸ்.பி.எம். எழுதிய ஆண்டு, எனக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்தால் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். இடம் கிடைக்கவில்லை. ஆறாம் படிவம் படித்துத்தான் பல்கலைக்கழகம் வந்தேன். ஆயினும் அடுத்த தைப்பூசத்தில் அம்மா 272 படிகளையும் பால்குடத்தோடு ஏறினார். "கேட்டதுதான் கிடைக்கலையேம்மா?" என்றேன். "வாய விட்டுச் சொல்லிட்டேன்பா, எடுத்துத்தானே ஆகணும்?" என்றார். சரக்கு வராமலேயே பணம் கட்டும் வியாபாரி எந்த ஊரில் இருக்கிறான், சொல்லுங்கள்!

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது இன்னொரு வகைக் கொடையைக் கண்டேன். நோன்பு மாதத்தில் என் பக்கத்து இருக்கை மலாய் நண்பன் தன் வீட்டார் ஸக்காத் பித்ரா கட்டியதைச் சொல்வான். தலைக்கு இவ்வளவு என்று மாநில சமய மன்றம் நிர்ணயித்த தொகை. ஏன் கட்டுகிறீர்கள் என்றால் ஒரே பதில்: வாஜிப், அதாவது கட்டாயக் கடமை. உருக்கமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. சேமிப்புக்கான ஸக்காத் இரண்டரை விழுக்காடு. பெறத் தகுதியுள்ளோர் எட்டு வகையினர் என்று குர்ஆனே வகுத்திருக்கிறது. ஸக்காத்துக்கு வருமான வரியில் தள்ளுபடி உண்டே என்று சிலர் உள்நோக்கம் கற்பிப்பார்கள். இருக்கட்டுமே. பெறுபவருக்கு அது பிச்சையல்ல, உரிமை. யாருக்கும் கைகூப்ப வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

நம் கோயில்களிலோ ஒரு குழல்விளக்கைக் கொடுத்தாலும் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதிவிடுகிறோம். தண்ணீர்ப் பந்தலில் பழகியவர்களுக்கும் தெரியும்: தைப்பூசத்தன்று வாங்க ஆளில்லாமல் சோற்றுப் பொட்டலங்கள் வீணாகும்; மறுவாரம் அதே வட்டாரத்தில் பசித்தவருக்குப் பந்தல் இராது. நமக்குக் கொடுக்கும் மனம் குறைவில்லை. அது திருவிழாவுக்குத் திருவிழா மட்டும் வருகிறது. 'அந்தப் பாலைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே' என்று பேசுகிறவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஏதேனும் கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

ஆகவே, மனம் கனியும்போது கொடுப்பதைவிட விதித்துக்கொண்டு கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. அம்மாவின் வாக்குக்கும் நண்பனின் வாஜிபுக்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. அன்றைக்கு மனநிலை எப்படி இருந்தாலும் இருவரும் செய்துவிடுகிறார்கள்.

கல்விக் கடன் பணம் கணக்கில் சேரும் ஒவ்வொரு பருவத்திலும், நான் படித்த தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு 50 ரிங்கிட் அனுப்பி வருகிறேன். போன பருவம் கையைக் கடித்தது, ஆனாலும் அனுப்பினேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால், கடன் வாங்கியா தருமம் செய்கிறாய் என்று திட்டுவார்.