கலியாணப் பந்தியும் பகுத்தறிவும்

நம் நாட்டில் கலியாணம் என்றால், பத்துப் பொருத்தத்திற்கும் நல்ல நேரத்திற்கும் ஜோசியன் வீட்டுக்கு நாலு தடவை நடக்கிறவர்கள், சாப்பிட வருகிறவர்களிடம் "உங்கள் உடம்புக்கு ஆகாத பண்டம் எது?" என்று ஒரு தடவையாவது கேட்கிறார்களா? கேட்பதில்லை. ஆனால், "அவர் என்ன ஜாதி? அவரை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது?" என்பதை மாத்திரம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

பொதுப் பணத்தில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டதும், 1924-25இல் அது பெருங்கிளர்ச்சியானதும் தோழர்கள் அறிந்ததே. பக்கத்து இலைக்காரனின் ஜாதியால் மூச்சடைத்துச் செத்தவன் உலகில் எவனாவது உண்டா?

நிற்க, உண்மையான ஒவ்வாமை வேறு. நிலக்கடலை, முந்திரி, எள், பால், முட்டை, கோதுமை, இறால் முதலியவற்றிலுள்ள புரதத்தைச் சிலருடைய உடல் பகைவன் என்று தவறாக எண்ணிப் போர் தொடுக்கிறது. உடம்பு தடித்து, தொண்டை வீங்கி, மூச்சுத் திணறிச் சில நிமிஷங்களில் உயிரே போய்விடலாம். இதைத் "திருஷ்டி" என்று சொல்லிப் பூசணிக்காய் சுற்றினால் ஆள் பிழைப்பானா? தொடையில் அட்ரினலின் ஊசியும் 108 வண்டியுந்தான் வேண்டும்.

"கொஞ்சந்தானே, ஒன்றும் செய்யாது" என்று உபசரிப்பதும் மூடத்தனமே. முந்திரிப் பாயசத்தில் கிடந்த கரண்டியை ரசத்தில் போட்டாலே சிலருக்கு ஆபத்து வந்துவிடும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

"அப்படியானால் ஹலால் கேட்கும் முஸ்லீம், கிழங்கு தொடாத ஜைனர், மாமிசம் உண்ணாத சைவர் இவர்கள் சங்கதி என்ன?" என்று சிலர் கேட்கலாம். அந்த விதிகளில் நமக்கு நம்பிக்கையில்லை. என்றாலும், அழைத்த விருந்தாளியை ஏமாற்றி ஊட்டுவது பகுத்தறிவாகாது, அயோக்கியத்தனமேயாகும். தன் இலையில் என்ன விழலாம் என்று சொல்ல உண்பவனுக்கு உரிமையுண்டு. பக்கத்தில் யார் உட்காரலாம், யார் சமைக்கலாம், யார் பரிமாறலாம் என்று ஜாதி பார்த்துச் சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது.

ஆகவே, கலியாணம் நடத்தும் தோழர்கள் ஆகாத பண்டத்தை முன்கூட்டியே தெரிவிக்கும்படி அழைப்பிதழிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வந்த பதிலைச் சமையல்காரரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்து, தனிக் கரண்டியால் முதலில் பரிமாற வேண்டும். பண்டங்களில் சேர்ந்தவற்றை எழுதிப் பந்தி வாசலில் வைக்க வேண்டும். புரோகிதனுக்கு அழும் தட்சணையை நிறுத்தினால் இதற்குச் செலவும் பெரிதல்ல. பாத்திரம் வேறாக இருக்கட்டும். பந்தி ஒன்றாகவே இருக்க வேண்டும்.